பதினான்கு கிளட்ச் பிளேட் பெட்டிகள்

போன மாதம் நம் பெரியவள் பள்ளியில் குடும்பத்தைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினாள். "என் அப்பா கம்பெனியில் ஸ்டோர்ஸில் வேலை செய்கிறார். வீட்டில் துணி துவைக்கிறார். என் அம்மாவும் கம்பெனியில் வேலை செய்கிறார். வீட்டில் அப்பா துவைத்த துணியைப் பார்த்துச் சிரிக்கிறார்." ஆசிரியை பத்துக்கு எட்டு போட்டு, இரண்டாவது வரியின் ஓரத்தில் ஒரு கேள்விக்குறியும் போட்டிருந்தார். அது எதற்கு என்று அவள் என்னிடம் கேட்டாள். எழுத்துப்பிழையாக இருக்கும் என்று சொல்லிவிட்டேன். அது பொய். பிள்ளைகளிடம் பொய் சொன்னால் எனக்குச் சோறு இறங்காது. அதனால் உண்மையை எழுதியே வைத்துவிடுகிறேன். நான் பத்தாவது வரை படித்தவன். தப்பு இருந்தால் திருத்திக்கொள்ளுங்கள். சிரிப்பதென்றால் கடைசியில் மொத்தமாகச் சிரியுங்கள், நடுநடுவே வேண்டாம்.

சின்னவன் அப்போது ஒன்றாம் வகுப்பு. உங்கள் அம்மா கம்பெனி லைனில் நின்று திருகாணி முடுக்குகிற வேலை செய்துகொண்டிருந்தாள். ஒரு நாளைக்கு எத்தனை திருகாணி என்று அவளும் எண்ணியதில்லை, நானும் கேட்டதில்லை. வலது மணிக்கட்டு வீங்கி, டம்ளரைப் பிடித்தால் நழுவுகிற நிலைக்கு வந்தபிறகுதான் ஓசூரிலிருந்து கிருஷ்ணகிரிக்குப் போய் எலும்பு டாக்டரைப் பார்த்தோம். டாக்டர் கையை அமுக்கிப் பார்த்தார், மடக்கிப் பார்த்தார். பிறகு சொன்னார்: "மாவு பிசையறது, துணி பிழியறது ரெண்டையும் ஆறு மாசத்துக்கு மறந்துடணும்மா. இல்லைன்னா ஆப்பரேஷன்தான்."

ஆப்பரேஷன் என்றால் மூன்று மாதம் லைனுக்குப் போக முடியாது. மூன்று மாதம் போகாவிட்டால் அந்த இடத்தில் வேறு ஆள் நிற்பார். அது எங்கள் இருவருக்கும் தெரியும்.

சப்பாத்தியை விட்டுத் தோசைக்கு மாறிவிட்டோம். துணியை என்ன செய்வது? நான்கு பேர் துணி, அதில் எண்ணெய்க் கறை பிடித்த கம்பெனி யூனிஃபார்ம் வேறு. இரண்டு நாள் கழித்து மாடிக்குப் போனேன். உங்கள் அம்மா என் பேன்ட்டின் ஒரு காலைக் குழாயில் சுற்றி, இன்னொரு காலை இடது கையால் முறுக்கிக்கொண்டிருந்தாள். முறுக்கு இறுகும் கடைசி நேரத்தில் வலது கை தானாகப் போய் ஒட்டிக்கொண்டது. அவள் பல்லைக் கடித்ததை நான் பார்த்தேன். நான் பார்த்ததை அவள் பார்க்கவில்லை.

அன்றைக்கே முடிவு செய்தேன், வாஷிங் மெஷின் வாங்குவதென்று.

அப்போதே நீயே துவைத்திருக்கலாமே அப்பா என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். எனக்குத் தோன்றவில்லை. என் புத்தி மெஷின் வரைக்கும் போனது, அதைத் தாண்டி வாளி வரைக்கும் போகவில்லை.

கையில் சீட்டுப் பணம் பத்தாயிரம் இருந்தது. பைக்குத் தவணை ஓடிக்கொண்டிருந்ததால் இன்னொரு தவணையை நினைக்க முடியாது. அந்தச் சமயத்தில்தான் எங்கள் கம்பெனிக்கு வண்டி ஓட்டும் டிரைவர் ஒருவர் சொன்னார். உத்தனப்பள்ளி போகிற ரோட்டில் ஒரு கிடங்கு இருக்கிறது. பெங்களூரிலும் ஓசூரிலும் வேலை மாறுகிறவர்கள், வெளிநாடு போகிறவர்கள் வீட்டுச் சாமான்களை அங்கே மாத வாடகைக்குப் பூட்டி வைப்பார்கள். நம் பக்கத்தில் வாடகை குறைவு. சிலர் வாடகை கட்டாமல், நோட்டீசுக்கும் பதில் போடாமல் காணாமல் போய்விடுவார்கள். அந்த அறைகளை அப்படியே மொத்தமாக ஏலம் விடுவார்களாம்.

"ஃபிரிட்ஜ், மெஷின், கட்டில் எல்லாம் கெடைக்கும்ணே. அடிமாட்டு வெல" என்றார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை எனக்குக் காலையில் கூடுதல் வேலை. பத்து மணிக்கு முடித்து, யூனிஃபார்ம் சட்டையைக்கூட மாற்றாமல் நேராக அங்கே போனேன். இந்தச் சட்டை விஷயத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், கொஞ்ச நேரத்தில் வரும்.

தகரக் கூரை போட்ட நீளமான கிடங்கு. வரிசையாக ஷட்டர் போட்ட அறைகள். இருபது பேர் இருப்பார்கள், எல்லோரும் பழைய சாமான் வியாபாரிகள். நடுவில் கவிழ்த்துப் போட்ட பெயின்ட் வாளி மேல் கெலமங்கலத்தில் கடை வைத்திருக்கும் ஒரு அக்கா உட்கார்ந்து வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தார். ஏலம் போடுகிறவர் கன்னடக்காரர், ஆனால் எந்த மொழியையும் விட்டுவைக்க மாட்டார். விதிமுறையைச் சொன்னார்: "மொதல்ல எல்லா ஷட்டரும் தூக்குவோம், அப்பறம் நம்பர் வரிசையில ஏலம். கோட்டுக்கு இந்தப் பக்கம் நின்னு பாக்கலாம். உள்ள கால் வைக்கக்கூடாது. கை வைக்கக்கூடாது. பொட்டி பிரிக்கக்கூடாது. டார்ச் அடிக்கலாம். சர்ட்டிபிகேட்டு, போட்டோ கெடைச்சா ஆபீசுல குடுத்துடணும். ஆயித்தா, சரியா?"

ஆறாம் நம்பர் அறையைத் திறந்ததும் கோட்டோரம் போய் நின்றேன். ஒரு சைக்கிள், மடக்குக் கட்டில், கேஸ் அடுப்பு, அவற்றுக்குப் பின்னால் பூப்போட்ட உறை மாட்டிய வாஷிங் மெஷின். மேலே திறக்கிற மாதிரி. உறை கூடக் கிழியவில்லை. சாமி கொடுத்தது என்று நினைத்தேன். கொடுத்த சாமி அதற்கு முன்னால் நான்காம் நம்பரையும் வைத்திருந்தது.

நான்காம் நம்பரில் ஒரு நாற்காலிகூட இல்லை. அட்டைப்பெட்டிகள் மட்டும். நான்கு நான்காக அடுக்கி, மொத்தம் பதினான்கு. டார்ச் அடித்தேன். என் கண்ணை என்னாலேயே நம்ப முடியவில்லை. லாரி கிளட்ச் பிளேட் பெட்டி. பார்ட் நம்பர் ஒட்டியிருக்கிறது, எண்ணிக்கை போட்டிருக்கிறது, பழுப்பு டேப் பிரிக்காமல் இருக்கிறது. பதினைந்து வருடம் ஸ்டோர்ஸில் இருந்தவன் நான். அந்த பார்ட் நம்பரைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். எவனோ உதிரிபாகக் கடைக்காரன் கடையை மூடிவிட்டுச் சரக்கை இங்கே விட்டுப் போயிருக்கிறான் என்று நானே ஒரு கதை கட்டிக்கொண்டேன். இதை நெடுஞ்சாலை மெக்கானிக்குகளிடம் விற்றால் ஒரு மெஷின் என்ன, மாடி வீடு முழுக்க மெஷின் வைக்கலாம். உங்கள் அம்மாவைத் தனியாக ஒரு மெஷினுக்குச் சூப்பர்வைசராகவே போட்டுவிடலாம்.

"நாலாம் நம்பர்! ரெண்டாயிரம்லேர்ந்து கேளுங்க ஸ்வாமி!"

நான் கையைத் தூக்கினேன். கெலமங்கலத்து அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தார். முகத்தைப் பார்க்கவில்லை, சட்டையைப் பார்த்தார். பையில் தைத்திருந்த கம்பெனிப் பெயரைப் படித்தார். கடலைத் தோலை ஊதிவிட்டு, "ரெண்டாயிரத்து ஐநூறு" என்றார்.

நான் மூவாயிரம் என்றேன். பின்னால் ஒருவர் நாலாயிரம் என்றார். எனக்குப் பதற்றம் வந்துவிட்டது. பதற்றம் வந்தால் நான் வேகமாகக் கேட்பேன். நான் வேகமாகக் கேட்கக் கேட்க, கம்பெனி ஆளுக்கு உள்விஷயம் தெரிந்திருக்கிறது என்று மற்றவர்களும் வேகமாகக் கேட்டார்கள். ஐந்து, ஆறு, ஏழரை. அக்கா ஒன்பதாயிரம் வரை வந்து, சட்டென்று கடலையை மடியில் வைத்துவிட்டு எழுந்தார். கோட்டருகே போய்க் குனிந்து எதையோ பார்த்தார். திரும்பி வந்து வாளியில் உட்கார்ந்துகொண்டார்.

"ஒம்பதாயிரத்து இருநூறு!" என்றேன்.

யாரும் அதற்கு மேல் கேட்கவில்லை.

"ஒரு தரம்... எரடு சாரி... மூடோ சாரி!" தமிழில் ஒன்று, கன்னடத்தில் இரண்டு, தெலுங்கில் மூன்று. எந்த ஊர்க்காரனும் எனக்குப் புரியவில்லை என்று பிறகு சண்டைக்கு வர முடியாது. எனக்கு மூன்றும் புரிந்தது. பெட்டிகள் என்னுடையவை.

பணத்தைக் கட்டி ரசீது வாங்கிக்கொண்டு, வெற்றி பெற்றவன் போல வந்து நின்றேன். அக்கா கூப்பிட்டார்.

"ஏன் தம்பி, ஒண்ணு கேக்கறேன், கோச்சிக்காதே. அந்தப் பொட்டிங்கள்ல என்னா இருக்குது?"

"கிளட்ச் பிளேட்டுக்கா. லாரி ஐட்டம்."

"அப்பிடியா. கிளட்ச் பிளேட்டு இரும்பா, எலவம் பஞ்சா?"

"என்னக்கா கேக்கறீங்க, இரும்புதான்."

"நாலு பொட்டி ஒண்ணு மேல ஒண்ணு நிக்குது. அடிப்பொட்டி ஒரு சுருக்கங்கூட இல்லாம கல்யாணப் பொண்ணாட்டம் நிக்குதே, அது எப்பிடி?"

பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். கிளட்ச் பிளேட்டை இரண்டு பெட்டிக்கு மேல் அடுக்காதே, அடிப்பெட்டி நசுங்கும் என்று புதிதாக வருகிறவர்களுக்கெல்லாம் சொல்லிக்கொடுக்கிற ஆள் நான்தான்.

"ஒம்போதாயிரம் வந்தப்பறந்தான் எனக்கே தோணுச்சு" என்றார் அக்கா. "அதுவரைக்கும் உன் சட்டையத்தான் பாத்துனு இருந்தேன். நல்ல சட்டை தம்பி. அதைப் போட்டுனு இனி ஏலத்துக்கு வராதே. எங்களையும் கெடுத்துடுவே."

அடுத்து ஐந்தாம் நம்பர் போனது. ஆறாம் நம்பரும் போனது. மெஷின், சைக்கிள், கட்டில், அடுப்பு எல்லாம் சேர்த்து ஆறாயிரத்துக்கு அந்த அக்காவே எடுத்தார். என் பையில் எண்ணூறு ரூபாய் இருந்தது. அது டெம்போவுக்கு.

டெம்போ வாசலில் நின்றதும் நீங்கள் இருவரும் ஓடி வந்தீர்கள். சின்னவன் "மெஷின் வந்துடுச்சு, மெஷின் வந்துடுச்சு" என்று குதித்தான். டெம்போக்காரர் ஒரு பெட்டியை ஒற்றைக் கையால் தூக்கி இறக்கினார். அப்போதே எனக்கு எல்லாம் தெரிந்துவிட்டது. இருந்தாலும் கத்தியால் டேப்பை மெதுவாக, ஆபத்தான பொருள் இருப்பது போல அறுத்தேன்.

முதல் பெட்டியில் திரைச்சீலைகள். இரண்டாவதில் படுக்கை விரிப்புகள். மூன்றாவதில் கம்பளி. அப்புறம் ஸ்வெட்டர், ரஜாய், தலையணை உறை, மேசை விரிப்பு, மறுபடியும் கம்பளி. பதினான்கு பெட்டியும் துணி. பூட்டிய அறையில் பல மாதம் கிடந்த ஈர வாடையும் பாச்சை உருண்டை வாடையும் கலந்து அடித்தது. எல்லாம் துவைக்க வேண்டிய துணி.

உங்கள் அம்மா கதவில் சாய்ந்து நின்று ஒவ்வொரு பெட்டியாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான்தான் பேசினேன். பார்ட் நம்பரைக் காட்டினேன், டேப்பைக் காட்டினேன், "இதைப் பார்த்தா யாருக்கும் கிளட்ச் பிளேட்டுனுதான் தோணும்" என்றேன்.

அப்போது பெரியவள் கேட்டாள். உனக்கு ஞாபகம் இருக்கிறதோ இல்லையோ, எனக்கு இருக்கிறது. "அப்பா, நம்ம பரண்ல என்னோட பழைய பொம்மைங்க இருக்கற பெட்டியிலகூட இதேதானே எழுதியிருக்குது?"

காட்டிக்கொண்டிருந்த விரலை மடக்கிக்கொண்டேன்.

ஓசூரில் யார் வீடு மாறினாலும் கம்பெனி அட்டைப்பெட்டியில்தான் சாமான் கட்டுவார்கள். கடையில் பெட்டி வாங்கி வீடு மாறினவரை நான் பார்த்ததில்லை. பாத்திரம் பிரேக் ஷூ பெட்டியில் போகும், சாமி படம் பிஸ்டன் பெட்டியில் போகும். எங்கள் கம்பெனியில் வீடு மாறுகிறவர்களுக்குக் காலிப் பெட்டி எழுதிக் கொடுத்து, கேட் பாஸில் கையெழுத்துப் போடுகிறவர் யார்? ஸ்டோர்ஸ்காரர். அதாவது நான். அந்தப் பதினான்கில் சிலதையாவது நானே கையெழுத்துப் போட்டு வெளியே அனுப்பியிருப்பேன்.

உங்கள் அம்மா அப்போதுதான் சிரிக்க ஆரம்பித்தாள். சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "மெஷின் வாங்கப் போன ஆளு துணி வாங்கினு வந்திருக்காரு" என்று பக்கத்து வீட்டுக்குக் கேட்கும்படி சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். டெம்போக்காரரும் சிரித்தார். அவருக்கு வாடகை கொடுத்தபிறகும் போகாமல் நின்று சிரித்தார்.

சிரித்து முடித்துவிட்டு அவள் செய்த காரியம்தான் எனக்குச் சுருக்கென்றது. கண்ணைத் துடைத்துக்கொண்டு, ஒரு கம்பளியை எடுத்து மோந்து பார்த்தாள். "நல்ல கம்பளிதான். ஊறப்போட்டா வாடை போயிடும்" என்று வாளியைத் தேடினாள். அந்தக் கையோடு.

"வச்சிடு" என்றேன்.

"என்னாங்க?"

"வாளியை வச்சிடு. நான் தொவைக்கறேன்."

"நீங்களா?" என்றாள். "உங்க கைக்குட்டையை நீங்க தொவச்சு நான் பாத்ததில்லையே."

"இப்ப பாத்துக்க."

முதல் கம்பளியை அன்று மாலையே ஊறவைத்தேன். ஊறிய கம்பளி என்ன கனம் கனக்கும் தெரியுமா? தெரியும், நீங்களும் தொட்டிக்குள் இறங்கி மிதித்தீர்களே. சின்னவன் வழுக்கி விழுந்து சோப்புத் தண்ணீரைக் குடித்துவிட்டு, நன்றாக இருக்கிறது என்று வேறு சொன்னான். மிதிப்பது சுலபம். பிழிவதுதான் கஷ்டம். உங்கள் அம்மா செய்தது போல ஒரு முனையைக் குழாயில் சுற்றி முறுக்கினேன். குழாய் கையோடு வந்துவிட்டது. கீழ்வீட்டிலிருந்து வீட்டுக்காரர் ஓடி வந்தார்.

"மாடியில என்னா மில்லு வச்சிருக்கீங்களா?" என்றார். உங்கள் அம்மா, "ஆமாங்க, புது மெஷின் வந்திருக்குது. இன்னும் ஓட்டப் பழகலை" என்றாள். அன்றிலிருந்து எனக்கு வீட்டில் மெஷின் என்று பெயர்.

கம்பளி பிழிய எதிர்முனையைப் பிடிக்க இன்னொரு ஆள் வேண்டும். நான் முறுக்கும்போதெல்லாம் அவள் பழக்கத்தில் வந்து மறுமுனையைப் பிடிப்பாள். "கையை எடு" என்பேன். "சும்மா புடிச்சிக்கறேங்க, முறுக்கலை" என்பாள். "எடு" என்பேன். எடுத்துவிடுவாள். ஐந்து நிமிடத்தில் மறுபடி வந்து நிற்பாள். கடைசியில் மாடிப்படிக் கம்பியில் ஒரு முனையைக் கட்டிப் பிழியக் கற்றுக்கொண்டேன். அவளை நாற்காலி போட்டு உட்காரவைத்தேன். உட்கார்ந்த இடத்திலிருந்து வாய் மட்டும் வேலை செய்தது. "மெஷின், காலர்ல அழுக்கு அப்பிடியே இருக்குது பாரு." "மெஷின், பேன்ட்டு பாக்கெட்டைப் பாக்காம நனைச்சிட்டே." நிஜ மெஷினாக இருந்தால் நடுவில் நின்றுபோயிருக்கும். நான் நிற்கவில்லை. கம்பளி தீர்வதற்குள் வீட்டுத் துணியும் என் கைக்கு வந்துவிட்டது. யாரும் கொடுக்கவில்லை, அதுவாக வந்துவிட்டது.

ஒரு பெட்டியின் அடியில் பள்ளிச் சான்றிதழ்கள் இருந்த உறை கிடைத்தது. கிடங்கு ஆபீசில் கொண்டுபோய்க் கொடுத்தேன். அங்கே கெலமங்கலத்து அக்காவும் இருந்தார். "அந்த ஆறாம் நம்பர் மெஷினு என்னமா ஓடுது தெரியுமா தம்பி! சத்தமே இல்லை" என்று நான் கேட்காமலேயே சொன்னார். பிறகு எங்கே பார்த்தாலும் அதைச் சொல்லாமல் அவர் விட்டதில்லை.

மார்கழி வந்தது. ஓசூர்க் குளிரைப் பற்றித் தெரியாமல் தெற்கேயிருந்து வேலைக்கு வந்த பிள்ளைகள் ஒரு லுங்கியும் ஒரு துண்டுமாக அறைகளில் நடுங்கிக்கொண்டிருந்தார்கள். எங்கள் ஷிஃப்டில் மதுரைப் பக்கத்துப் பையன் ஒருவனுக்குத் துவைத்த கம்பளி ஒன்றைக் கொடுத்தேன். அடுத்த நாள் அவனோடு ஏழு பேர் வந்தார்கள். "அண்ணே, எங்களுக்கும் ஒண்ணொண்ணு போட்டுக் குடுங்கண்ணே. வாசம் வேற நல்லா இருக்குண்ணே" என்றான் ஒருவன். வாசம் நல்லா இருக்கு என்று சொன்னதை வீட்டில் வந்து நான்கு முறை சொன்னேன். கம்பளியும் ஸ்வெட்டரும் விற்றதில், போட்ட பணத்தில் பாதிக்குக் கொஞ்சம் மேலே தேறியது. திரைச்சீலைகளை யாரும் வாங்கவில்லை. அவைதான் இன்று நம் வீட்டில் ஜன்னல் அளவுக்கு மேல் ஒரு முழம் தரையில் புரள்கின்றன.

ஆறு மாதம் முடிந்ததும் கிருஷ்ணகிரிக்குப் போனோம். காத்திருந்த நேரமெல்லாம் உங்கள் அம்மா வலது கையை முந்தானைக்குள் மறைத்து வைத்திருந்தாள். டாக்டர் அதை வெளியே எடுத்து அமுக்கினார். நான் அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பல்லைக் கடிக்கவில்லை. மடக்கினார், திருப்பினார், தன் விரலைக் கொடுத்து இறுக்கிப் பிடிக்கச் சொன்னார். அவள் பிடித்த பிடியில் டாக்டர்தான் "போதும்மா, போதும்" என்றார்.

"ஆப்பரேஷன் வேண்டியதில்லை. துணிக்கு மெஷின் வாங்கிட்டீங்களா?"

"வாங்கிட்டோம் டாக்டர். கூடவே வந்திருக்குது" என்று என்னைக் காட்டினாள்.

டாக்டர் மூக்குக்கண்ணாடியை இறக்கி என்னை ஏற இறங்கப் பார்த்தார். "எத்தனை கிலோ தாங்கும்?" என்றார். பிறகு எழுதிக்கொண்டே சொன்னார்: "நல்லா ஓடுற மெஷினை மாத்தாதீங்க. பிழியற வேலை இனிமேலும் இந்தக் கைக்கு வேண்டாம்."

ஆகையால் பெரியவளே, உன் ஆசிரியை போட்ட கேள்விக்குறிக்கு இதுதான் பதில். டாக்டர் எழுதிக் கொடுத்தது.

திரும்பும்போது பஸ்ஸில் நிற்கத்தான் இடம் கிடைத்தது. உங்கள் அம்மா மேல் கம்பியை வலது கையால் பிடித்தாள். அந்தக் கையால் அவள் கம்பி பிடித்து நான் பார்த்து வெகுநாள் ஆகியிருந்தது. பஸ் குலுங்கும்போதெல்லாம் நான் அந்த விரல்களைப் பார்த்தேன். விடவில்லை. சூளகிரியில் ஒருவர் இறங்க, ஒரு இடம் காலியானது.

"உக்காரு" என்றேன்.

"நீங்க உக்காருங்க. மெஷினுக்கு ரெஸ்ட்டு வேணும்" என்றாள்.

நான் உட்கார்ந்துகொண்டேன். ஓசூர் வரும்வரை அவள் கை மாற்றவேயில்லை.